என் நம்பருக்கு வந்த மெசேஜ்கள்

ஜூன் 2, 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. இந்த ஊரில் அத்தனை பேருக்கும் இன்றைக்குத்தான் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. ஒன்பது மணிக்கு நான் போகும்போதே வாசலில் பதினாலு பேர். "ஏனுங்க, இன்னைக்கே கெடைச்சிருங்களா?" என்று ஒருத்தர் விடாமல் கேட்டார்கள். நானென்ன தாசில்தாரா? இ-சேவை மையம் என்றுதான் போர்டு வைத்திருக்கிறேன், மந்திரக் கடை என்று வைக்கவில்லை. கடைசியாக வந்த பெரியவரிடம் கொஞ்சம் எச்சாவே கத்திவிட்டேன். பாவம், அவர் ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தாராம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் லியோ வீடியோவில் வந்தான். தம்பி டென்மார்க் போய் மூன்று வருஷமாகிறது, காற்றாலைக் கம்பெனியில் வேலை. "அக்கா, இங்க வந்து நான் கவர்ன்மென்ட் ஆபீஸ் படி ஏறினதே ரெண்டு தடவைதான். டாக்டர், டாக்ஸ், வீட்டு விலாசம் மாத்தறது எல்லாம் போன்லயே முடிஞ்சுது. நீ இங்க வந்தா உனக்கு வேலையே இருக்காது" என்று சிரித்தான்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் இன்றைக்குப் பூராவும் குத்திக்கொண்டே இருந்தது. எட்டு வருஷமாகப் பெரியநாயக்கன்பாளையத்தில் உட்கார்ந்து ஊருக்கே மனுப் போடுகிறேன். எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஊரில் நான் வேண்டாம் என்றால், இங்கே நான் எதனால் பிழைக்கிறேன்? கோளாறாலயா?

இவரிடம் சொன்னேன். இன்னாசிமுத்து நாள் பூரா லேத்தில் நின்றுவிட்டு வருகிற மனுஷன். "அது சின்னப் பையனாட்ட ஏதோ சொல்லுது, உடு" என்றார், ரசத்தைப் பார்த்துக்கொண்டே.

ஜூன் 4, புதன்

சாஜிதா பேகம் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வாடகை கம்மி என்று போன மாசம்தான் கோட்டைமேட்டிலிருந்து இங்கே குடி வந்திருக்கிறார்கள். கையில் மகள். "பேரென்ன கண்ணு?" என்றேன். பதிலே இல்லை. என்ன திமிர் இந்த வயசில் என்று நினைத்தேன். "அஃப்ஷீனுங்க. அதுக்குக் காது கேக்காதுங்கக்கா, பொறந்ததுலேருந்தே" என்றாள். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன். அரசாங்கக் காப்பீட்டில் செய்து தருகிறார்கள், ஆனால் ஆறு வயது முடிவதற்குள் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாப்பாவுக்கு ஜூலை 19 அன்று ஆறு முடிகிறது. காப்பீட்டு அட்டைக்கு முதலில் வருமானச் சான்று வேண்டும். ஒன்றரை மாசம் இருக்குதுங்க, தாராளம் என்றேன்.

போன் நம்பர் கேட்டேன். வீட்டுக்கு ஒரே போன், அது புருஷன் சஹீரிடம். அவன் லாரியோடு ஈரோடு, ஆந்திரா என்று போய்விடுகிறான். வழக்கம்போல என் நம்பரையே போட்டேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். சிம்மைத் தொலைப்பார்கள், ரீசார்ஜ் போடமாட்டார்கள், ஓடிபி கேட்டால் பேந்தப் பேந்த முழிப்பார்கள். என் நம்பர் எட்டு வருஷமாக மாறவில்லை. "மெசேஜ் எனக்குத்தான் வருமுங்க அம்மணி. இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க, சொல்லிப்போடறேன்" என்றேன்.

அவள் போகும்போது பாப்பா என் ஸ்டேப்ளரைக் கேட்டு அழுதது. கொடுக்கவில்லை.

ஜூன் 9

சர்வர் இல்லை. நாற்பது பேர் இருந்தார்கள். தலைவலி.

ஜூன் 15, ஞாயிறு

லியோவிடம் இன்றைக்குச் சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். "நம்ம ஊர்ல கீரைக்காரம்மாகூட காசு வாங்க ஸ்கேன் அட்டை தொங்கவிட்டிருக்கு. உங்க ஊர்ல உண்டா?" என்றேன். அதில் நாம்தான் முன்னே என்று ஒத்துக்கொண்டான். அப்படியே விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அங்க படிக்காத ஆள், வயசான ஆளெல்லாம் என்ன பண்ணுவாங்க? அவங்களுக்கும் என்னையாட்டம் ஒருத்தி வேணுமில்ல?" என்றேன்.

"லைப்ரரியில ஆள் இருக்காங்கக்கா. ஆனா அவங்க மவுசைத் தொட மாட்டாங்க. பக்கத்துல நின்னு சொல்லித்தான் கொடுப்பாங்க. ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் போடறதெல்லாம் கனவுலகூட நடக்காது."

நான் முன்னூறு பேருக்கு என் நம்பரைப் போட்டிருக்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்லணும்? அவன் ஊரில் எல்லார் கையிலும் போன், எல்லாருக்கும் வேலை, மனுப் போட வருகிறவன் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறான். இங்கே உப்பிலிபாளையம் வரைக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய்த் திரும்பி வருகிற ஆளிடம் பக்கத்தில் நின்று பாடம் எடுக்க முடியுமா? சொல்லுங்க பார்க்கலாம்.

யாரைக் கேட்கிறேன்? நோட்டைத்தான்.

குழந்தை பிறந்த உடனே அங்கே காதைச் சோதித்து, ஏதாவது இருந்தால் அடுத்த தேதி தானாகவே வந்துவிடுமாம். அதைக் கேட்டதும் சாஜிதா ஞாபகம் வந்தது. நாளைக்கு அவள் மனுவைப் பார்க்கணும்.

ஜூன் 16

பார்க்கவில்லை. முதல் பட்டதாரிச் சான்று மட்டும் இன்று இருபத்திரண்டு. சாரல் வேற, எல்லார் பேப்பரும் நனைந்து ஸ்கேன் கருப்பாக விழுகிறது.

ஜூன் 20, வெள்ளி

சாஜிதா வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, "அக்கா, நம்ம மெசேஜ் வந்துச்சுங்களா?" என்றாள். அப்போது ஒரு ஆளின் கைரேகை ஏழாவது தடவையாக விழாமல் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "வந்தா நான் சொல்ல மாட்டனா அம்மணி? வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?" என்று எரிந்து விழுந்தேன். "சரிங்கக்கா" என்று போய்விட்டாள்.

இப்போது எழுதும்போது சங்கடமாக இருக்கிறது. திங்கள்கிழமை அவளுக்கு முதலில் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

ஜூன் 27, வெள்ளி

என்ன பண்ணிப்போட்டேன் நானு.

அவளே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஜூலை 17 ஆபரேஷன் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள், அட்டை இருந்தால்தான் அந்தத் தேதி நிற்குமாம். சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே மனு எண்ணை அடித்தேன். 'நிராகரிக்கப்பட்டது.' நேற்றைய தேதி.

கீழே விவரம் இருந்தது. ரேஷன் கார்டில் பழைய விலாசம் இருக்கிறது, இப்போது குடியிருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று கேட்டு ஜூன் 11-ஆம் தேதியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பதினைந்து நாள் அவகாசம். பதில் வரவில்லை.

மேசைக்குக் கீழே வைத்து என் போனைப் பார்த்தேன். படிக்காத மெசேஜ் நானூற்றுப் பன்னிரண்டு. ஜூன் 11, மதியம் 2.40. இருக்கிறது. அவள் மனு எண்ணோடு இருக்கிறது. 20-ஆம் தேதி அவள் கேட்டபோதும் என் கைக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

"என்னங்கக்கா?" என்றாள்.

"சர்வர் கோளாறுங்க அம்மணி. மறுபடியும் போட்டாகணும்" என்றேன்.

எழுதிவிட்டேன். பொய் சொன்னேன். எட்டு வருஷமாக நிஜமாகவே சர்வர் படுத்துவதால் யாரும் அதைச் சந்தேகப்படமாட்டார்கள். அவளும் படவில்லை. "அதுக்கு நீங்க என்னங்கக்கா பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். மாதாவே, நான் மனுஷிதானா?

ஜூன் 28, சனி

காலையிலேயே புது மனுப் போட்டேன். ஆதாரத்துக்கு அவர்கள் வீட்டு ஓனர் நஞ்சுண்டனிடம் வாடகைக் கடிதமும் கரண்ட் பில்லும் கேட்டு நானே போனேன். எழுதிக் கொடுத்தால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறார். "பொம்பளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்து மாட்டிக்கச் சொல்றீங்களா?" என்றார். கெஞ்சினேன். திட்டினேன். மறுபடி கெஞ்சினேன். அவர் பட்டா மாறுதல் மனுவை இனி நான் தொடமாட்டேன் என்றதும் கையெழுத்துப் போட்டார். அது மிரட்டல்தான். இருக்கட்டும்.

ஜூன் 30, திங்கள்

வி.ஏ.ஓ. ஆபீசுக்கு சாஜிதாவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நேரில் சொன்னால் வேகமாக நடக்கும் என்று நினைத்தேன். போகாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

வி.ஏ.ஓ. அம்மா நல்ல மாதிரி. திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதைத்தான் அன்னைக்கே கேட்டிருந்தனுங்களே. ரெண்டு மெசேஜ் போயிருக்குது. மனுவுல இருக்கறது உங்க கடை நம்பர்தானுங்க ரூத்?"

நான் ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

சாஜிதா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. ஒன்றும் புரியவில்லை என்பது மாதிரி பார்த்தாள். "அக்கா... சர்வர்னு சொன்னீங்களே?"

வி.ஏ.ஓ. அம்மா தலையைக் குனிந்து பேப்பரைத் தேட ஆரம்பித்தார். பாப்பா மட்டும் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அதுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஆனால் அம்மா புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

இன்றைக்கே பார்த்து மேலே அனுப்பிவிடுகிறேன் என்று அந்தம்மா சொன்னார். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. சாஜிதா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 1

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்றார். இல்லை. "அப்புறம் எங்கிட்ட எதுக்கு அழுவற?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 2, புதன்

போனேன். வாசற்படியிலேயே நின்று சொன்னேன். மெசேஜ் வந்தது, நான் பார்க்கவில்லை, அதை மறைக்கப் பொய் சொன்னேன், தப்பு என்மேல்தான். முழுசாகச் சொன்னேன். தையல் மெஷினில் இருந்து அவள் எழுந்திருக்கவில்லை.

"மன்னிக்கறதுக்கெல்லாம் இப்ப நேரமில்லைங்கக்கா. இன்னும் பதினேழு நாள்தான் இருக்குது" என்றாள்.

திரும்பி நடந்து வரும்போது வழியில் யார் கூப்பிட்டதும் காதில் விழவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

லியோ முகமே சரியில்லை. துருவித் துருவிக் கேட்டதும் சொன்னான். அங்கே அரசாங்கக் கடிதமெல்லாம் ஒவ்வொருத்தருக்கும் இருக்கிற டிஜிட்டல் பெட்டியில்தான் விழுமாம். விசா நீட்டிப்புக்கு இன்னொரு பேப்பர் கேட்டு ஏப்ரலிலேயே விழுந்திருக்கிறது. டேனிஷ் பாஷையில் இருந்ததால் ஏதோ விளம்பரம் என்று திறக்காமல் விட்டிருக்கிறான். இப்போது முதலிலிருந்து போட வேண்டும். முடிவு வருகிற வரைக்கும் ஊருக்கு வரமுடியாது. கிறிஸ்துமஸ் டிக்கெட் போச்சு.

"நான் படிக்கலைன்னு சொன்னேன்க்கா. பெட்டியில விழுந்தா படிச்ச மாதிரிதான்னு சொல்லிட்டாங்க. கத்தவும் இல்ல, திட்டவும் இல்ல, மரியாதையாத்தான் சொன்னாங்க. போய் நின்னு அழறதுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லக்கா இங்க."

ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எனக்கு வேலை இல்லாத ஊர் இதுதானா என்று. அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது. அவன் தன் கடிதத்தைப் படிக்கவில்லை, தண்டனை அவனுக்கு. நான் யாருடையதையோ படிக்கவில்லை, தண்டனை அஃப்ஷீனுக்கு. அவன் நாடு பெரிசா, என் நாடு பெரிசா என்று இத்தனை நாள் சண்டை போட்டோமே.

அவனிடம் சாஜிதா விஷயத்தைச் சொன்னேன். "நம்பரை அவங்கவங்ககிட்டயே குடுத்துடு, அக்கா" என்றான்.

ஜூலை 9, புதன்

வந்துவிட்டது! காலை 11.12. இந்த ஒரு வாரமாகப் போனை இடுப்பில் கட்டாத குறையாக வைத்திருந்தேன். கடையில் இருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு கால் செருப்பு வார் அறுந்துபோச்சு.

சாஜிதா சான்றை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். பெயர், அப்பா பெயர், விலாசம். அப்புறம் உள்ளே போய் ஒரு பழைய பட்டன் போனை எடுத்து வந்து காட்டினாள். தம்பி முறை ஆகிறவன் யாரோ கொடுத்ததாம். "இனிமே இந்த நம்பரைப் போடறேங்கக்கா. எனக்கே வரட்டும்."

கலெக்டர் ஆபீசில் காப்பீட்டு அட்டைக்குப் போட்டோ எடுக்க மூன்று பேரும் போகணும். சஹீர் ஈரோட்டில் சரக்கை இறக்கிவிட்டு இன்றைக்கு வந்துவிடுவானாம். நானும் கூட வரட்டுமா என்றேன்.

"வேண்டாங்கக்கா. நாங்களே போய்க்கறோம்."

ஜூலை 14

அட்டை கிடைத்ததா தெரியவில்லை. ஆன்லைனில் பார்க்கலாம், ஆனால் ஓடிபி அவள் போனுக்குத்தான் போகும். அது சரிதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு தடவை அவர்கள் தெரு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இன்றைக்குத்தான் பாப்பாவின் ஆபரேஷன் தேதி. எனக்கு முப்பத்தொரு ஓடிபி வந்தது. ஒருத்தர் கேஸ் புக்கிங், ஒருத்தர் பட்டா, ஒருத்தர் மகனுக்கு ஆதார். ஒவ்வொரு தடவை போன் துடிக்கும்போதும் எடுத்துப் பார்த்தேன். ஊரு மெசேஜ் எல்லாம் எனக்கு வருது. அது மட்டும் வரலை. எப்படி வரும்?

ஜூலை 19, சனி

பாப்பாவுக்கு இன்றோடு ஆறு முடிகிறது. பொறுக்கமாட்டாமல் போனேன். வீடு பூட்டியிருந்தது. நஞ்சுண்டன், "நாலஞ்சு நாளாப் பூட்டித்தானுங்க கெடக்குது. ஆஸ்பத்திரியோ, அவங்கம்மா ஊடோ, எனக்கென்னங்க தெரியும்?" என்றார்.

வரும் வழியில் மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் வரவில்லை. வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 26, சனி

நோட்டுப் போட்டு எண்ணினேன். என் நம்பரில் இருக்கிறவர்கள் இருநூற்று எண்பத்தாறு பேர். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு அவரவர் நம்பருக்கு மாற்றுகிறேன். மானிட்டரை வருகிறவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அவர்களே படிக்கணும், அவர்களே ஓடிபி சொல்லணும். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது. "அந்தம்மாளுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று பேச்சு கிளம்பியிருக்கிறது, பாதிக் கூட்டம் மருந்துக்கடை மாடியில் புதிதாக வந்திருக்கிற மையத்துக்குப் போய்விட்டது.

பௌண்டரியில் வேலை செய்கிற முத்தாத்தாள் சண்டைக்கே வந்துவிட்டாள். "ஏன் அம்மணி, எனக்கெதுக்கு அதெல்லாம்? நீயே வெச்சுக்கோ. உன்னைய நான் நம்பறேனில்ல?"

"அதுதானுங்க வேண்டாங்கறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அரைமணி நேரம் உட்கார வைத்து மெசேஜ் எங்கே வரும், எப்படித் திறக்கிறது என்று காட்டினேன். மூன்று தடவை திட்டினேன், ஆனால் போனைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 10

லியோ மனு இன்னும் நிலுவையில். ஆடி முடியப் போகிறது, இங்கே சாரல் இன்னும் விடவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் கடை ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தூக்காகத் தூக்கினேன். கடகடவென்று போய் மேலே இடித்தது.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு குழந்தை தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு நேராக என் ஷட்டரையே பார்த்தது. காதுக்கு மேலே, தலைமுடியில் காதுக் கருவியின் வட்ட வில்லை கருப்பாக ஒட்டியிருந்தது. அஃப்ஷீன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாஜிதா நின்றிருந்தாள். இன்னொரு கையில் ஃபைல். என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேனா இல்லையா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அவள் குனிந்து பாப்பாவிடம் ஏதோ சொன்னாள். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் மருந்துக்கடை மாடியில் இருக்கிற புது மையத்துக்குப் படியேறிப் போனார்கள்.